புறாமலைப் படம் என்று செங்கடல் மீனை விற்கிறார்கள், கவனம்

நூல் அட்டைக்கோ ஹோட்டல் துண்டுப்பிரசுரத்துக்கோ கடலடிப் படம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கொழும்பில் இயங்கும் ஒரு வடிவமைப்பு நிறுவனம் எங்களுக்குச் செய்ததை நடந்தபடி எழுதுகிறேன். முறைப்பாடு நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

நண்பர்கள் சிலர் சேர்ந்து கிழக்குக் கரைக்கு ஒரு தமிழ் வழிகாட்டி நூல் தயாரித்தோம். நிலாவெளியிலிருந்து மட்டக்களப்பு வரை எங்கே முகமூடியும் சுவாசக் குழாயும் போட்டு மிதந்து பார்க்கலாம், எங்கே சிலிண்டர் கட்டி இறங்க வேண்டும், எந்த மாதத்தில் தண்ணீர் தெளியும் என்பதெல்லாம் உள்ளே. அட்டைக்குப் புறாமலையைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் சின்னத் தீவு, 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், ஆழமில்லாத தண்ணீரிலேயே முருகைக்கற்களும் (பவளப்பாறைகள்) செட்டை நுனி கறுத்த சுறாக்களும். வேறென்ன வேண்டும்?

அந்த நிறுவனத்தார் சொன்னது இதுதான்: தங்களிடம் சொந்தச் சுழியோடிப் படப்பிடிப்பாளர் இருக்கிறார், படம் புறாமலையில் எடுத்தது, உங்களுக்கு மட்டும்தான் தருவோம், இன்னொருவருக்கு விற்க மாட்டோம். அந்த "உங்களுக்கு மட்டும்" என்பதற்காகத்தான் சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு விலை. குறுக்கே பெயர் அச்சிட்ட மாதிரிப் படம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மேசை போல விரிந்த முருகைக்கல்லின் கீழே இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன்கள். உடம்பெல்லாம் பொன்மஞ்சள், கண்ணருகே நீலச்சாம்பல் திட்டு. மேலே தலைப்புப் போடத் தோதாக வெறும் நீலம். நல்ல அட்டைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது, அதை மறுக்க முடியாது. காசு கட்டினோம். "புறாமலை, பிரத்தியேக உரிமை" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினோம்.

கோப்பு வந்தவுடனேயே அச்சகத்தில் முகம் சுளித்தார்கள். ஏ5 அட்டை, சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டு விளிம்பு சேர்த்தால் முன்பக்கத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1820க்கு 2550 பிக்சல் வேண்டும். கணக்குக்குப் பிக்சல் இருந்தது. ஆனால் பெருப்பித்துப் பார்த்தால் செதில்கள் மெழுகு பூசினதுபோல் வழுவழுவென்று இருந்தன. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு, தண்ணீருக்கடியில் எடுத்தால் அப்படித்தான் வரும் என்றார்கள். (திரையில் மின்னுகிற அந்த நீலம் தாளில் மங்கிப்போவது வேறு கதை. அது நாலு நிற மையின் எல்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.)

விஷயத்தைப் பிடித்தவர் நிலாவெளியில் சுழியோடிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். உள்ளே இருந்த தகவல்களைச் சரிபார்க்கப் போனபோது அட்டையின் ப்ரூஃபையும் காட்டினோம். கையில் வாங்கியவர் சிரித்துவிட்டார்.

"அண்ணா, இது எங்கட மீன் இல்லை."

"நிறம் மாறியிருக்கோ?"

"நிறமில்லை, மீனே வேற. நான் எகிப்தில ஹுர்காடாவில வேலை செய்த காலத்தில ஒவ்வொரு நாளும் பார்த்த சோடி இது. செங்கடலை விட்டு இங்கால வராது."

தேடிப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. கேட்டோடோன் செமிலார்வாட்டஸ் என்பது அறிவியல் பெயர். செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும்தான் வாழ்கிறது. பகலில் மேசை முருகைக்கல்லின் நிழலில் சோடியாக அசையாமல் நிற்பதால் படம் எடுப்பது லேசு. எகிப்துக்குப் போகிற சுழியோடிகளில் பாதிப் பேர் அதை எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள் போலிருக்கிறது, இணையத்தில் அவ்வளவு படங்கள்.

கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினால் எங்கள் படம் மட்டும் அகப்படவில்லை. இடவலமாகத் திருப்பிப் போட்டோம். உடனே வந்து நின்றது: படங்கள் விற்கும் தளம் ஒன்றில், கீழே எகிப்து என்ற குறிப்போடு, யாரும் வாங்கக்கூடிய சாதாரண உரிமத்தில், நாங்கள் கொடுத்ததில் ஒரு சிறு துண்டு விலைக்கு. தேடலில் மாட்டாமல் இருக்கத்தான் திருப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்தச் சாதாரண உரிமத்தையாவது அவர்கள் வாங்கினார்களா என்பதற்கும் கடதாசி எதுவும் தரவில்லை. வாங்காமல் எடுத்திருந்தால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் நூலை வெளியிடும் எங்கள் வாசலுக்கும் அல்லவா கேள்வி வரும்?

கண்டுபிடித்ததைச் சொல்லாமல் முதலில் இரண்டு கேள்வி கேட்டோம். எப்போது எடுத்தது? "டிசம்பர் கடைசியில்." வடகீழ்ப் பருவக்காற்று அடித்து, கடல் கலங்கி, நிலாவெளிக்காரர் படகுகளைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிற காலம் அது. கமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு, அதுதான் ரோ கோப்பு, இருக்கிறதா? "இடம் போதாமல் அழித்துவிட்டோம்." பிறகுதான் மீனின் பெயரைச் சொன்னோம். வந்த பதிலை மறக்க மாட்டேன்: "மீன் மீன்தானே, வாங்கிற ஆக்களுக்கு என்ன தெரியப்போகுது?"

நாவலுக்கு அட்டை என்றால் எந்தக் கடல் மீனையும் போடட்டும். இது காசு செலவழித்துப் பிள்ளைகுட்டிகளோடு படகேறப் போகிறவருக்கு, இறங்கினால் இதைப் பார்ப்பாய் என்று சொல்கிற நூல். நாள் முழுக்கத் தேடினாலும் அந்த மஞ்சள் சோடி அங்கே கண்ணில் படாது.

மாற்றுப் படம் தருகிறோம் என்றார்கள். முதலில் வந்தது கடற்சாமந்திக்குள் (பாறையில் ஒட்டி வாழும், பூப்போன்ற கடலுயிர்) செம்மஞ்சள் உடம்பும் மூன்று வெள்ளைப் பட்டியுமாக நிற்கும் கோமாளி மீன், சினிமாவால் உலகமே அறிந்தது. அது அந்தமான், தாய்லாந்துப் பக்கத்து மீன். நம் கரையில் கடற்சாமந்தியில் காண்பது உடம்பு கறுத்த கிளார்க் இனமும் வேறு சிலதும்.

அடுத்து வந்தது இன்னும் மோசம். மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் என்று சொல்லி ஒரு படம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. கிடப்பது ஐம்பது மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லையே 40 மீற்றர்தான். அதற்கப்பால் போவதற்குத் தனிப் பயிற்சியும், வாயுக் கலவையும், மேலே வரும்போது நிறுத்தி நிறுத்தி வருகிற பொறுமையும் வேண்டும். அவர்கள் அனுப்பிய படத்தில் வெயில் கதிர் கதிராக இறங்குகிறது, கப்பலுக்கு ஓராள் உயரத்துக்கு மேலே ஒருவர் முகமூடியும் குழாயும் போட்டு மிதக்கிறார், கப்பலில் பாய்மரம் வேறு! விமானந்தாங்கிக்கு எங்கேயிருந்து பாய்மரம்? ஏதோ செயலியில் செய்வித்த படம் என்றுதான் நினைக்கிறேன். மீன் மாறினால் ஏமாற்றத்தோடு போய்விடும். இந்த அட்டையை நம்பி ஒருவர் ஹெர்மிஸைப் பார்க்க இறங்கினால் என்ன ஆகும்?

காசைத் திருப்பிக் கேட்டபோது, டிஜிட்டல் கோப்புக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கமில்லை என்று ஒரு வரி. அதன் பிறகு வட்ஸ்அப்பில் எங்களைத் தடை செய்துவிட்டார்கள். பற்றுச்சீட்டு, செய்திகள், திருப்பிப் போட்ட படம், தளத்தில் இருந்த படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறோம். முறைப்பாட்டுக்கு அவர்களின் எண் 1977. பற்றுச்சீட்டில் இடத்தின் பெயரும் "பிரத்தியேக" என்ற சொல்லும் இருப்பதால்தான் பேசவாவது முடிகிறது. நீங்களும் வாய்ச்சொல்லில் விடாமல் எழுதி வாங்குங்கள்.

இனி யாராவது "எங்கட ஆள் எடுத்தது" என்று வந்தால், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேளுங்கள். தண்ணீருக்கடியில் மீனும் அசையும், ஆளும் அசைவார். ஒரேயொரு படம் எடுத்துவிட்டு மேலே வருகிற சுழியோடி கிடையாது. மங்கலும் வால் மட்டும் விழுந்ததுமாகப் பத்துப் படம் காட்ட முடிந்தால் அவர் அங்கே இறங்கியிருக்கிறார். எந்தப் படகில் போனார் என்றும் கேளுங்கள், ஊர் சின்னது, விசாரிக்கலாம். காசு கட்ட முன்னர் அந்தக் கடலில் தொழில் செய்கிற ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். அவர்களுக்கு ஒரு பார்வை போதும்.

எங்கள் நூல் இப்போது அந்தத் தம்பியே சின்னக் கமராவில் எடுத்த சுறாப் படத்தோடு அச்சுக்குப் போகிறது. மணல் மணலாக இருக்கிறது, முழு அட்டைக்குப் பெருப்பிக்க முடியாது. மேல்பாதியை வெறும் நிறமாக விட்டுக் கீழே பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். உரிய காசைக் கொடுத்து அவரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

போன கிழமை உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியின் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. அதே மஞ்சள் சோடி, அதே பக்கம் பார்த்தபடி, கீழே "புறாமலை". அவர்களும் பிரத்தியேக உரிமைக்குத்தான் காசு கொடுத்தார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். கொடுத்திருந்தால் இரண்டு முறைப்பாட்டையும் ஒன்றாகக் கொண்டுபோகலாம்.