ஊரில் நிற்கும் ஹெரால்டும் ஆறு வருஷ இன்சூரன்ஸும்

நண்பன் ஒருவன் பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்றை வாங்கப் போகிறான். அவன் இருப்பது பெங்களூரில், வண்டி நிற்கப்போவது தென்காசிப் பக்கம் மாமனார் வீட்டுக் கொட்டகையில். "தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டா போதும்ல? வண்டி எங்க ஓடப்போகுது" என்று நேற்று ராத்திரி கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன், ஆனால் அவன் கேட்ட நேரம் அப்படி. என் வண்டியின் பானெட் போட்டோவை இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது தடவை திருப்பி அனுப்பி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு மாடல், தாத்தா வாங்கியது. நம் வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி என்பதால் எனக்குக் கூடுதல் பாசம். நிற்பது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில், நான் இருப்பது சென்னையில் ஒரே ஒரு பார்க்கிங் உள்ள ஃபிளாட்டில். அந்த ஒரு பார்க்கிங்கில் யார் கார் நிற்கிறது என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என்று வருஷத்தில் மூன்று தடவை எடுப்பேன், எல்லாம் சேர்ந்து நூற்றைம்பது கிலோமீட்டர் வந்தால் அதிகம். மற்றபடி சித்தப்பா வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து களம்வரை ஓட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவார்.

நண்பன் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டவன்தான். 2018 வரை தேர்ட் பார்ட்டி மட்டும்தான் வைத்திருந்தேன். ஓடாத வண்டிக்கு என்ன ஆகிவிடும் என்ற தைரியம். அந்த நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்கு முன்னால் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை என்ன ஆனது என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கொட்டகைக்கு மேற்கே நின்ற இரண்டு மரங்களில் ஒன்று தோட்டத்துப் பக்கம் விழுந்தது, இன்னொன்று கொட்டகை மேல். ஓடு, ரீப்பர், அதற்குக் கீழே தாத்தாவின் ஹெரால்டு. சித்தப்பாவிடம் பேசவே மூன்று நாள் ஆயிற்று. பேசினபோது அவர் முதலில் சொன்னது தென்னையைப் பற்றி, அப்புறம் மாடு, அப்புறம் வீடு, கடைசியில்தான் "வண்டி மேல்கூரை உள்ள போயிடுச்சு தம்பி" என்றார். வரிசை சரியான வரிசைதான். ஊரே விழுந்து கிடக்கும்போது காரைப் பற்றி அழ எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சரிசெய்ய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது, முழுக்க என் கைப்பணம். தேர்ட் பார்ட்டி பாலிசி என்பது என் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்குத்தான், என் வண்டிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தென்னை விழும்வரை தெரிந்த மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

வண்டி தயாரானதும் 2019இல் ஆர்.சி.யைத் தாத்தா பேரிலிருந்து என் பேருக்கு மாற்றினேன். (இதைத் தள்ளிப்போடாதே என்று நண்பனுக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ஆர்.சி. ஒருவர் பேரிலும் பாலிசி இன்னொருவர் பேரிலும் இருந்தால் க்ளெய்ம் நாளில்தான் கூத்து.) கையோடு, என் வண்டிச் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும் முழு பாலிசி எடுக்கப் போனேன். முதல் சண்டை ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பில். ஐந்து வருஷத்துக்கு மேலான வண்டிக்குத் தேய்மான அட்டவணை கிடையாது, கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு என்பது விதி. படிக்க நன்றாக இருக்கிறது. பேசுவதற்கு ஆளே இல்லையே. கவுண்டரில் இருந்த பையன் என் ரிப்பேர் பில்களைப் பார்த்தான், பாவமாகத் தலையாட்டினான், இரண்டு லட்சம் என்று டைப் செய்தான், திரை சிவப்பாகிவிட்டது. ஒன்றரை, சிவப்பு. ஒன்று, சிவப்பு. அறுபதாயிரத்தில் பச்சை வந்தது. "சிஸ்டம் இதுக்குமேல எடுக்கல சார்" என்றான். அதுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய மோட்டார் டாரிஃப் என்ற இன்சூரன்ஸ் விதிப் புத்தகத்தில் முன்கூட்டியே மதிப்பை ஒத்துக்கொண்டு எழுதும் பாலிசியை விண்டேஜ் கார்களுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். விண்டேஜ் என்றால் 31-12-1940க்கு முன் செய்த வண்டி, அதற்கு விண்டேஜ் கார் கிளப்பின் சான்றிதழும் வேண்டும். 1940இல் வண்டலூரில் கார் கம்பெனி ஏது? ஆனால் 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த பதிவு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டினாலே விண்டேஜ். ஆக ஆர்.டி.ஓ. ஆபீசில் என் வண்டி கிழவன், இன்சூரன்ஸ் ஆபீசில் வெறும் பழைய இரும்பு.

சரி, விண்டேஜாகவே பதிந்துவிட்டால் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பாதி தள்ளுபடி கிடைக்குமே என்று கணக்குப் போட்டேன். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காருக்கு 2,094 ரூபாய். ஹெரால்டு 948 சிசி, அதற்குள் அடங்கும். பாதி என்றால் வருஷத்துக்கு 1,047 மிச்சம். விண்டேஜாகப் புதிதாகப் பதியக் கட்டணம் 20,000. போட்ட காசு திரும்பவே பத்தொன்பது வருஷம் ஆகும், பதிவு செல்லுபடியாவதோ பத்தே வருஷம். அதற்கும் மேலே, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று தவிர வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாதாம். பொங்கலன்று அய்யனார் கோவிலுக்கு எடுத்துப்போவது இதில் எதில் சேரும்? விட்டுவிட்டேன். (நண்பா, உன் பத்மினி 1,089 சிசி. அந்த 89 சிசிக்காக நீ கட்டப்போவது 3,416.)

இனி என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். பாலிசி ஒருநாள் தவறினாலும் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கொடுப்பார்கள். நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். 2021இல் ஒன்பது நாள் தவறவிட்டேன், இந்த வருஷம் நாலு நாள். இரண்டுமே என் தப்பு. ஆனால் பார்ப்பது இப்போது ஆள் வந்து அல்ல, மொபைலில் ஒரு லிங்க் வரும், வண்டி பக்கத்தில் நின்று அது சொல்லும் வரிசையில் படம் எடுக்க வேண்டும். வண்டி என் பக்கத்தில் இருக்கும் என்று அதுவாக முடிவு செய்துகொள்கிறது. என் வண்டி முன்னூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, எழுபத்தோரு வயது சித்தப்பா பக்கத்தில் நிற்கிறது. லிங்க்கை அவருக்கு அனுப்பி, அவர் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்து, சிக்னலுக்காக அவள் வைக்கோல்போர் பக்கம் போய் நின்று, எப்படியோ படம் போகும்.

போனது திரும்பும். ஹெரால்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பானெட் மற்ற வண்டி மாதிரி வெறும் மூடி இல்லை. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த ஒரே பெரிய கூடு, முன்பக்கமாகச் சாயும். சாய்த்துவிட்டால் இன்ஜின், முன்சக்கரம் இரண்டும், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். சக்கரத்து மேலேயே உட்கார்ந்து பிளக் கழற்றலாம், இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே அதுதான். அந்தப் படத்தைப் பார்த்த யாரோ ஒருவர் 2021இல் எழுதிய பதில்: "வாகனம் பிரிக்கப்பட்ட நிலையில் உள்ளது." போன் செய்து விளக்கினேன். "சார், பானெட்டை மட்டும் திறந்து எடுங்க" என்றார்கள். பானெட்டை மட்டும்தான் திறந்திருக்கிறது என்றேன். "மட்கார்டை மாட்டிட்டு எடுங்க சார்." நேற்றும் அதே பதில், ஒரு எழுத்து மாறவில்லை.

இவ்வளவு திட்டுகிறேனே, க்ளெய்ம் கதையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் ஒரு சாயங்காலம் திடீர்க் காற்றில் பக்கத்துத் தோட்டத்துத் தகரம் ஒன்று பறந்துவந்து முன் கண்ணாடியை நொறுக்கி, இடதுபக்க மட்கார்டையும் கிழித்தது. கம்பெனி சிஸ்டம் முதலில் கேட்டது, 'அங்கீகரிக்கப்பட்ட டீலரின்' எஸ்டிமேட். ஸ்டாண்டர்டு கார் வருவது நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, டீலருக்கு எங்கே போவேன்? பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூன்றாம் நாள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார். அறுபதைத் தாண்டியவர். நானும் அன்று ஊரில் இருந்தேன். வண்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனா, மூக்குக் கண்ணாடி இரண்டையும் எடுத்துத் திண்ணையில் வைத்தார். நேராகப் போய் இரண்டு பக்கக் கொக்கியையும் கை பார்த்து விடுவித்து, முழங்காலை முட்டுக் கொடுத்து பானெட்டை அலுங்காமல் சாய்த்தார். யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் சக்கரத்து மேல் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடி மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல கிடைக்கும், கழட்டினதுதான் வரும், பில்லு மட்டும் சரியா வாங்குங்க" என்றார். சித்தப்பா காபி கொண்டுவந்தார். இருவரும் பழைய கார்ப்புரேட்டர் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

கண்ணாடி 9,500, ரப்பர் பீடிங் 1,800, டிங்கரிங் பெயிண்ட் 7,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, ரப்பருக்குப் பாதி, பெயிண்டில் கொஞ்சம், கடைசியில் க்ளெய்ம் என்றாலே நம் தலையில் விழும் கட்டாயக் கழிவு ஆயிரம். 18,300 ரூபாய் பில்லுக்கு 15,900 வந்தது. பதினேழாம் நாள் வங்கியில் விழுந்தது. ஆறு வருஷமாக வருஷம் நாலாயிரமோ ஐயாயிரமோ கட்டியதில் இது பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் நான் எதிர்பார்த்தது பூஜ்யம்.

வண்டியை ஷெட்டிலேயே நிறுத்திவைக்கும் மாதங்களுக்குப் பாதுகாப்பைச் சுருக்கி, அதற்கேற்பச் சலுகை தரும் ஒரு ஷரத்தும் டாரிஃபில் உண்டு. ஐஎம்டி 11 என்று பேர். நான் இரண்டு ஆபீசில் கேட்டுப் பார்த்தேன், இரண்டிலும் அப்படி ஒரு பேரே கேள்விப்படாத முகம். அப்போது கோபமாக வந்தது. ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் என்றொரு புதுத் திட்டம் வந்ததே, அதையும் கேட்டேன். மீட்டர் படம் அனுப்பச் சொன்னார்கள். கேபிள் அறுந்து 2016லிருந்து 47,312லேயே நிற்கும் மீட்டர். இதைவிட ஒழுங்கான வாடிக்கையாளர் அவர்களுக்குக் கிடைப்பாரா? வண்டி வயது அதிகம் என்று மறுத்துவிட்டார்கள்.

நண்பனுக்கு என் பதில்: சட்டம் கேட்பது பொது இடத்தில் ஓடும் வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி. கொட்டகைக்குள் நிற்கும்வரை அதுகூடக் கேட்காது, ஆனால் நீ ஒருநாள் எடுப்பாய், பிடித்தால் முதல் தடவை 2,000 அபராதம். அதனால் முழு பாலிசியே எடு. மாமனார் ஓட்டுவார் என்றால் அவர் லைசென்ஸ் தேதியை இன்றைக்கே பார். சித்தப்பாவினுடையது முடிந்து பதினான்கு மாதம் ஆனதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதே. பணம் ஒழுங்காகக் கொடுத்தார்கள், சர்வேயர் தங்கமான மனுஷன், இருந்தும் இவர்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், என் எதிரிக்குக்கூட. மூன்றாவது தடவை படம் ஏற்றுக்கொண்டால் இவர்களிடமே புதுப்பித்துவிடுவேன், அது வேறு விஷயம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா போன் செய்தார். காலை எட்டு மணியிலிருந்து பானெட்டைச் சாய்த்தே வைத்திருக்கிறாராம், கோழி இன்ஜின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, மூடலாமா வேண்டாமா என்று கேட்கிறார். கொஞ்சம் பொறுங்க சித்தப்பா என்றிருக்கிறேன். லிங்க் இன்னும் 'பரிசீலனையில்' என்றுதான் காட்டுகிறது.