சுண்ணாம்புப் பூச்சுக்குச் சல்லடை வலை: எவர்சில்வரா, நைலானா, பித்தளையா?

செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சைத் தன் கையாலேயே ஒரு சின்னச் சுவரிலாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி என்று எல்லோரும் பேசுவார்கள், சல்லடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பூச்சு கண்ணாடி மாதிரி வருமா வராதா என்பதில் பாதி, சலிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. நீறாத, அதாவது தண்ணீரில் வெந்து பொடியாகாத, சுண்ணாம்புக் கட்டி கடுகளவு உள்ளே தங்கினாலும் போதும், பூசி முடித்து வாரங்கள் கழித்து அது ஈரத்தை இழுத்து மெதுவாக நீறும், நீறும்போது உப்பும், மேல்பூச்சு கொப்புளமாகக் கிளம்பித் தெறிக்கும். அப்புறம் அந்த இடத்தை ஒட்டுப்போட்டால் ஒட்டு தனியாகத் தெரியும்.

வலை வாங்கப் போனால் முதலில் கடைக்காரர் கேட்பது, “எத்தனாம் நம்பர் மெஷ் வேணும்ணே?” என்பதுதான். அந்த நம்பரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண் என்பதுதான் மெஷ் நம்பர், அந்தக் கண் எவ்வளவு பெரியது என்பது அதில் இல்லை. கம்பியின் தடிமனைக் கழித்தால்தான் கண் தெரியும். 40 மெஷ் என்றால் 25.4 மில்லிமீட்டரை 40-ஆல் வகுத்து 0.635 மி.மீ., அதில் 32 கேஜ் கம்பி (0.274 மி.மீ.) போட்டு நெய்திருந்தால் கண் 0.36 மி.மீ., அதே 40 மெஷ்ஷை 36 கேஜில் (0.193 மி.மீ.) நெய்திருந்தால் 0.44 மி.மீ. ஒரே நம்பர்தான், ஆனால் சலித்து விழும் சுண்ணாம்பு வேறு. அதனால் “40 மெஷ், கம்பி எத்தனை கேஜ்?” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், கைத்தறிக்காரர்கள் இழை எண்ண வைத்திருக்கும் பிக் கிளாஸ் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் அங்கேயே எண்ணிவிடலாம், இல்லாவிட்டால் அளவுகோலை வலைமேல் வைத்து மொபைலில் கிட்டப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எந்த வேலைக்கு எந்தக் கண்? அடிப்பூச்சு மணலுக்கு 4.75 மி.மீ. போதும், கட்டுமான வழக்கில் மணல் என்று எண்ணப்படுவதே அதில் இறங்குவதுதான். நடுப்பூச்சுக்கு 1 முதல் 1.5 மி.மீ. வரை. மேல்பூச்சுக்கான சுண்ணாம்பு விழுதுக்கு 0.3 மி.மீ. அல்லது அதற்கும் கீழே.

அடிப்பூச்சு விஷயத்தில் பெரிய யோசனை வேண்டாம். காரைக்குடியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற, மணல் சலிக்கும் ஜிஐ (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) சல்லடை போதும், உலர்ந்த மணலுக்கு அது வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதே சல்லடையைச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரச் சுண்ணாம்பின் காரம் துத்தநாக முலாமை மெல்ல அரிக்கும். முலாம் போன இடத்தில், கழுவி வைத்த பிறகு இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துரு அடுத்த முறை வெள்ளைப் பூச்சில் பழுப்புப் புள்ளியாக வந்து நிற்கும்.

நடுப்பூச்சுக்குப் பலரும் ஜன்னல் கொசுவலையைத் தேடுகிறார்கள், நல்ல யோசனைதான், கண்ணும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் கொசுவலையில் பல ஜாதி இருக்கிறது. அலுமினியம் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு அதைக் கண்ணுக்குத் தெரியவே தின்னும். ஃபைபர் கிளாஸ் வலையின் மேல்பூச்சு மணல் உரசி உரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழையைக் காரம் பதம் பார்க்கும், இழை முறிந்து விழுதில் கலக்கும். எவர்சில்வர் கொசுவலைதான் சரி.

உண்மையான போட்டி மேல்பூச்சுக்குத்தான், அதுவும் எவர்சில்வர் வலைக்கும் நைலான் துணிக்கும் நடுவில்.

எவர்சில்வரில் 304 ரகம் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு, அதை முழுசாக நம்ப முடியாது. விலை குறைந்த 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது, நல்ல 304-ஐயே கம்பியாக இழுக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கலாம். பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் வழி. கொசுவலை அளவுக்குக் காரைக்குடியே போதும், 40, 60 என்று நுணுக்கமாகப் போனால் மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் அல்லது சென்னை பாரிமுனைப் பக்கம் விசாரிக்க வேண்டியிருக்கும். மூன்றடி, நாலடி அகல ரோலில் இருந்து வெட்டித் தருவார்கள். இதன் பலம், விழுதை ரப்பர் துண்டால் அழுத்தித் தேய்த்தாலும் கண் நகராது, காரத்துக்கு அசையாது. பலவீனம், ஒரு தடவை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு போகாது. வெட்டிய ஓரம் விரலைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

நைலான் துணியை ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடைகளிலும் மாவு மில் உதிரிபாகக் கடைகளிலும் கேட்கலாம், அச்சுத்தொழில் ஊரான சிவகாசி நமக்கு ஒன்றும் தூரமில்லை. அங்கே கணக்கு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்பது, 24 என்று சொன்னால் நம் கணக்கில் கிட்டத்தட்ட 61 மெஷ், 43 என்றால் 109. கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம், அது நைலானா பாலியஸ்டரா என்பது. பிரிண்டிங் துணியில் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அது காரத்தில் நாளடைவில் நைந்துபோகும், நைலான் தாங்கும். விலை எவர்சில்வரைவிடக் குறைவு, நுணுக்கமான கண் எளிதாகக் கிடைக்கிறது, துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் கனமான விழுதை ஊற்றியதும் நடுவில் தொய்கிறது, தொய்ந்தால் கண் விரிகிறது. பால் பதத்துக்குக் கரைத்து ஊற்றி வடிகட்டுவதானால் நைலான் நன்றாகவே வேலை செய்யும். கெட்டி விழுதைத் தேய்த்து இறக்க அது ஆகாது. என் கை எவர்சில்வருக்குத்தான் போகும், காரணம் இந்தத் தேய்ப்புதான்.

பித்தளை வலை அழகு, மறுக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றும்போது பழைய பித்தளைச் சல்லடை கண்ணில் பட்டால் வாங்கி வீட்டில் வையுங்கள். சுண்ணாம்புக்கு வேண்டாம். பித்தளை மென்மையான உலோகம், தேய்க்கத் தேய்க்கக் கம்பி நகர்ந்து ஓரிடத்தில் கண் பெரிதாகும், சரியாகக் காயாமல் வைத்தால் பச்சைக் களிம்பு வேறு.

பாத்திரக் கடையில் கிடைக்கும், தட்டு மாற்றிப் போடுகிற எவர்சில்வர் மாவுச் சல்லடையும் ஒரு தேர்வுதான், ஒரு சாண் சுவரில் சோதனை செய்கிறவர்களுக்கு. கண் அளவு எதுவும் எழுதியிருக்காது, விளிம்பு மடிப்பில் சுண்ணாம்பு போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அதைச் சமையலறைக்குத் திருப்பித் தரவும் கூடாது. சோதனைக்கூடச் சல்லடை துல்லியம், ஆனால் விலைக்கு நியாயமில்லை. நாம் சலிப்பது வாளிக் கணக்கில், அதன் வட்டம் தட்டளவு.

வேட்டித் துணியை மறந்துவிடாதீர்கள். பருத்தி காரத்தைத் தாங்கும், கடைசி வடிகட்டலுக்கு நன்றாகத் துவைத்த பழைய வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. பட்டுத் துணி மட்டும் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

சட்டம் அடிக்க மரம்தான் நல்லது. இரண்டு சட்டங்களுக்கு நடுவில் வலையை வைத்து எவர்சில்வர் திருகாணியால் இறுக்குங்கள், இரும்பு ஆணி அடித்தால் துரு அங்கிருந்து தொடங்கும். உலர்ந்த சுண்ணாம்புத் தூளைச் சலிப்பதாக இருந்தால் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து டாக்டரிடம் போக வேண்டும், ஆறவிடும் சமாச்சாரம் இல்லை. முடிந்தவரை ஈரமாகவே சலியுங்கள், தூளாகச் சலித்தால் வலைக் கண்ணும் சீக்கிரம் அடைக்கும்.

வேலை முடிந்த கையோடு வலையைக் கழுவிவிடுங்கள். காயவிட்டால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி கல்லாகிவிடும், தண்ணீருக்கு அசையாது. எவர்சில்வரானால் வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசினால் கண் திறந்துகொள்ளும். நைலானை அமிலத்தில் ஊறப்போடாதீர்கள், அது காரத்தைத் தாங்கும் அளவுக்கு அமிலத்தைத் தாங்காது.