ஜெம் உதவித்தொகையா, ஃபிஸ்க்–வாண்டர்பில்ட் பாலமா?

அமெரிக்காவில் கறுப்பின, லத்தீன், பழங்குடி மாணவர்கள் அறிவியல், பொறியியல் மேற்படிப்புக்குப் போக உதவும் இரண்டு வழிகள் இவை. 1976-இல் தொடங்கிய ஜெம் (GEM), பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பு. இதில் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். நிறுவனம் கோடையில் சம்பளத்தோடு பயிற்சி தரும். தொழில்துறைக்குப் போக நினைப்பவருக்கு இதுவே நல்லது.

2004-இல் நாஷ்வில்லில் தொடங்கிய ஃபிஸ்க்–வாண்டர்பில்ட் பாலம் என்ற திட்டம் வேறு வகை. முதலில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை. அப்போதே வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் வேலை, இரண்டு பக்கமும் வழிகாட்டிகள். அதனால் வாண்டர்பில்ட்டில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மாணவர் வெறும் மதிப்பெண் பட்டியலாகப் போய் நிற்பதில்லை. அவர் வேலையைப் பார்த்த பேராசிரியர்களே அங்கே இருப்பார்கள். காலம் கூடுதலாகும், சரிதான். ஆனால் இளங்கலையில் அடிப்படைப் பாடங்கள் விட்டுப்போனவர் நேராக முனைவர் படிப்பில் சேர்ந்து திணறுவதைவிட, இதுவே மேல் என்பேன்.