அசிடிட்டிக்கு ஆல்கலைன் வாட்டர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாக வந்து, இலவச உடல்நல முகாம் என்று சொல்லி ஆல்கலைன் வாட்டர் மெஷின், அதாவது தண்ணீரைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றும் கருவி, விற்கிறார்கள். எங்கள் அப்பா தலையில் 1,65,000 ரூபாய்க்கு ஒன்றைக் கட்டிவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. பெயர் எதுவானாலும் விற்கிற விதம் இதுதான்.

அப்பாவுக்குப் பல வருடமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். அமிலச் சுரப்பைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த பான்டோப்ரசோல் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, ஓரளவு நன்றாகவே இருந்தார். முகாமில் ஆர்.ஓ. தண்ணீர், கூல்டிரிங்க்ஸ், மெஷின் தண்ணீர் மூன்றிலும் ஏதோ சொட்டு விட்டுக் காட்டினார்கள். ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளானது, மெஷின் தண்ணீர் ஊதாவானது. "பாத்தீங்களா அங்கிள், இத்தனை நாளா ஆசிட்டைத்தான் குடிச்சிருக்கீங்க, அதான் எரியுது!"

ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு துளி கரைந்தாலே அது லேசாக அமிலப் பக்கம் போய் நிறம் மாறிவிடும். அதற்கும் நெஞ்செரிச்சலுக்கும் சம்பந்தமே இல்லை.

மெஷின் தண்ணீரின் பி.ஹெச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9.5 என்றார்கள். சரி, அவர்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். இரைப்பை அமிலத்தின் பி.ஹெச். 1.5 அளவுக்கு இறங்கும். பி.ஹெச்.சில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அந்தக் காரத்தன்மையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் மெஷின் தண்ணீர் சமன் செய்வது 1 மில்லி இரைப்பை அமிலத்தை. நம் இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் சுரக்கிறது! மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக்குக் கிடைக்கும் ஜெலுசில் மாத்திரை ஒன்றே இதைப்போல் பல மடங்கு வேலை செய்யும்.

அதைவிட, கோளாறு அமிலம் கூடிப்போனதில் மட்டும் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால், சாதாரண அளவு அமிலம்கூட மேலே ஏறி எரியும். இவர்களோ விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு லிட்டரைக் குடிக்கச் சொன்னார்கள். வயிறு புடைத்தால் மேலே எதுக்களிக்கத்தானே செய்யும்?

பணத்தைக்கூட விடலாம். "மாத்திரையை நிறுத்திட்டா மெஷின் வேலை செய்யும்" என்று சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியாதது. நாள்பட சாப்பிட்ட பான்டோப்ரசோலைத் திடீரென நிறுத்தினால், சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். அப்பா ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கினார். வாட்ஸப்பில் கேட்டதற்கு, "கழிவு வெளியேறுது அங்கிள், நல்ல அறிகுறி" என்று பதில். சோறு தொண்டைக்குக் கீழே அடைக்கிறது என்று அப்பா சொன்ன பிறகு, எண்டோஸ்கோபி செய்ததில் உணவுக்குழாயில் புண். விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பு மலம், ரத்த வாந்தி இதில் எது இருந்தாலும் எந்தத் தண்ணீரையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கையிலோ தாடையிலோ வலி பரவினால் அது கேஸ் என்று நீங்களே முடிவு கட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரையடி உயர மரக்கட்டை, இடப்பக்கம் சரிந்து படுப்பது, கொஞ்சம் தொப்பை குறைப்பது. மரக்கட்டைக்கு ஆன செலவு 300 ரூபாய்.

மெஷினைத் திருப்பி எடுக்கச் சொன்னால், "பொருத்தியாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். பில்லைப் பார்த்தால் "தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி" என்று மட்டும் இருக்கிறது. நெஞ்செரிச்சல், சுகர், பி.பி. என்று முகாமில் பேசியதில் ஒரு வார்த்தை கிடையாது. கெட்டிக்காரர்கள்! நேரடி விற்பனைக்கான 2021 நுகர்வோர் விதிகளில், பொருளைத் திருப்பித் தருவது, பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி வாங்குபவரிடம் விவரம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதைக் கேட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம். இதேபோல் வாங்கியவர்கள் பில், முகாம் நோட்டீஸ், அவர்கள் அனுப்பிய ஆடியோ எதையும் அழிக்காதீர்கள். எங்களுக்கு வந்த மெசேஜ்களில் பாதியை அவர்களே அழித்துவிட்டார்கள்.