காட்டோ யூனிட்ராக்: நெல்லை வீட்டுக்கு ஏற்ற தண்டவாளம்

வீட்டில் மாடல் ரயில் ஓட்ட ஆசையா? ஜெர்மனியில் உள்ள மாபெரும் மாடல் ரயில் கண்காட்சியான ஹாம்பர்க் மினியேச்சர் வுண்டர்லேண்டைப் பார்த்துவிட்டு அதே எச்.ஓ. அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு, 1:87) இறங்கிவிடாதீர்கள். நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஒன்றே அதில் 245 மி.மீ. நீளம் வரும். 1:160 கொண்ட 'என்' (N) அளவில் 133 மி.மீ.தான். 'என்' அளவின் தண்டவாள அகலம் 9 மி.மீ.; நம் அகலப்பாதைக்குக் கணக்குப்படி 10.5 வேண்டும். அந்த வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

ஜப்பானிய நிறுவனமான காட்டோவின் 'என்' அளவு யூனிட்ராக் தண்டவாளத்தில் 315 மி.மீ. ஆர வளைவு 8, 248 மி.மீ. நேர்த்துண்டு 4 போதும். நாலுக்கு இரண்டரை அடி பிளைவுட்டில் முழுச் சுற்றும் அடங்கிவிடும். சரளைக்கல் மேடையோடு சேர்ந்தே வருவதால் ஆணி, பசை வேண்டாம். துண்டுகள் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் நேர்த்திக்கே காசு கொடுக்கலாம்.

தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஜப்பான் பவர்பேக் 100 வோல்ட்டுக்கானது. நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

மின் வயர் இணைத்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் போனதும் எஞ்சின் மந்தமானால் மோட்டாரைக் குறைசொல்ல வேண்டாம். துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பான் தளர்ந்து மின்சாரம் குறைகிறது. அங்கேயும் ஒரு ஜோடி வயர் கொடுங்கள்.

ஆடிக்காற்றில் வீட்டுக்குள் வரும் புழுதிதான் பெரிய எதிரி. பஞ்சுத்துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும். தரையில் போட்டு ஓட்டினால் தலைமுடி அச்சில் சுற்றிப் பல்சக்கரம் இறுகும்.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை மாதிரி ஏற்றம் வைப்பவர்கள் மீட்டருக்கு 3 செ.மீ.யைத் தாண்டாதீர்கள். வளைவில் ஏறும்போது சக்கரம் வழுக்கும். அப்போது கடைசிப் பெட்டியைக் கழற்றுவதுதான் வழி.