பேராசிரியர் பதவிக்கான விண்ணப்ப உதவி: மட்டக்களப்பு நிலையமொன்றில் பெற்ற சேவை

நியூயோர்க்கிலுள்ள அரச கல்லூரியொன்றில் நரம்பு விஞ்ஞான உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பதற்காக, மட்டக்களப்பு நகரில் இயங்கும் விண்ணப்ப ஆலோசனை நிலையமொன்றின் சேவையைக் கடந்த மாரிகாலத்தில் பெற்றேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். சுயவிபரக்கோவை, முகப்புக் கடிதம், ஆய்வுத் திட்டம், கற்பித்தல் அறிக்கை ஆகியவற்றைத் திருத்தித் தருவதற்கும் நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்ப்பதற்கும் சேர்த்து 35,000 ரூபாய் அறவிட்டார்கள். எழுத்து வேலைக்கு அந்தப் பணம் அதிகம். ஒத்திகைக்கு மட்டும் அதே தொகையைக் கேட்டிருந்தாலும் மனமுவந்து கொடுத்திருப்பேன்.

நான் விண்ணப்பித்த இடத்தின் தன்மையைச் சொன்னால்தான் இந்த வேறுபாடு விளங்கும். அது நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் ஒன்று. 1961 இல் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்ட இக்கல்லூரிகளுள் மிகப் பழையதான சிற்றி கொலேஜ், வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் உயர்கல்வி பெற வேண்டும் என்ற நோக்கத்தோடு 1847 இல் தொடங்கப்பட்டது. நரம்புக் கலங்களிடையே செய்தி கடத்தும் இரசாயனங்களை ஆராய்ந்து 1970 இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஜூலியஸ் அக்ஸல்ரொட், நாம் நிற்கும் இடத்தை மூளை அறியும் விதத்தைக் கண்டறிந்து 2014 இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோன் ஓ'கீஃப் ஆகிய இருவரும் அங்கே இளமாணிப் பட்டம் பெற்றவர்கள். இருவருமே புலம்பெயர்ந்து வந்தோரின் பிள்ளைகள். இன்றைக்கும் அப்பல்கலைக்கழகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும், வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுபவர்களும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் ஏராளம். இத்தகைய கல்லூரியின் தேர்வுக் குழு, பெரிய சஞ்சிகைகளில் எத்தனை கட்டுரைகள் வந்துள்ளன என்பதோடு நின்றுவிடாது. அந்தப் பிள்ளைகளை ஆய்வுகூடத்துக்குள் எவ்வாறு அழைத்து வருவீர்கள் என்பதையும் கேட்கும்.

நிலையத்தில் எழுத்து வேலையைப் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்கென்று எங்கோ தயாரிக்கப்பட்ட ஒரே அச்சில் என் விண்ணப்பத்தையும் வார்த்திருந்தார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் செய்முறை வகுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தைப் பற்றி நான் எழுதிய ஒரு பக்கம், ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ விஞ்ஞானம் படித்துவிட்டு, முதலாம் ஆண்டில் திடீரென ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்த மாணவர்கள் செய்முறைக் குறிப்பேட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் தயங்கியதையும், படத்தை முதலில் வரையச் சொல்லி விளக்கத்தைப் பிறகு எழுதச் செய்ததால் அந்தத் தயக்கம் குறைந்ததையும் அதில் விவரித்திருந்தேன். பன்மொழி வகுப்பறைக்கு ஆள் தேடும் கல்லூரியிடம் நான் காட்டக்கூடிய மிகப் பெரிய தகுதி அதுதான். அதை வெட்டிய இடத்தில் "உலகத் தரம் வாய்ந்த ஆய்வுச் சூழலில் பங்களிக்கும் வேட்கை" என்று யாருக்கும் பொருந்தும் வாக்கியமொன்றைப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்து, நானே திருத்தி அனுப்பினேன்.

பரிந்துரைக் கடிதங்களைத் தாங்களே எழுதித் தருவதாகவும் பேராசிரியர்கள் ஒப்பமிட்டால் போதுமென்றும் சொன்னது இதைவிடப் பாரதூரமானது. அக்கடிதங்கள் பரிந்துரைப்பவர் தாமே எழுதி, விண்ணப்பதாரியின் கைக்கு வராமல் நேரடியாக அனுப்ப வேண்டியவை. நான் மறுத்தவுடன் அவர்கள் வற்புறுத்தவில்லை. ஆனாலும், விபரம் தெரியாத இளம் பட்டதாரி ஒருவர் இதை வழமையான நடைமுறை என்றே நம்பிவிடக்கூடும். விசா பற்றிய ஆலோசனையையும் அவர்களிடம் கேட்க வேண்டாம். அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவுக்கு ஆண்டுதோறும் எண்ணிக்கை வரம்பு இருப்பதால் குலுக்கல் உண்டு என்று பயமுறுத்தினார்கள். ஆனால் உயர்கல்வி நிறுவனங்களின் விண்ணப்பங்கள் அந்த வரம்புக்குள் வருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு இந்த நிலையத்தைப் பரிந்துரைக்கக் காரணம், மாலை வேளைகளில் ஒத்திகை நடத்தும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். அவர் என் ஆய்வுத் திட்டத்தை அச்செடுத்து, ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். நான் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் கருவிகளைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "மகள், ஒரு பிள்ளை விடிய வேலைக்குப் போய்ட்டுப் பின்னேரம்தான் உங்கட லெபுக்கு வருது. கிழமைக்கு ஆறு மணித்தியாலம்தான் அதுக்கிட்ட இருக்கு. அதுக்கு என்ன வேலை குடுப்பீங்க?" என்று கேட்டார்.

"டேட்டாவைத் துப்புரவாக்குற வேலை குடுக்கலாம், சேர்" என்றேன். "அதில அந்தப் பிள்ளை என்ன படிக்கும்?" என்று விடாமல் கேட்டார். அதற்குப் பதில் தேடியபோதுதான் என் திட்டமே உருப்பெற்றது. கண்ணிமைக்கும்போது நெற்றிப் பகுதி மின்வாய்களில் எழும் பெரிய அலை, மூளையிலிருந்து வரும் சிறிய அலைகளை மூடிவிடும். அந்த இமைப்புகளை அடையாளம் கண்டு பிரிக்கப் பழகும் மாணவர், எது மூளையின் சைகை, எது இடையூறு என்று பிரித்தறியக் கற்றுக்கொள்கிறார். வீட்டிலிருந்தே மடிகணினியில் செய்யக்கூடிய வேலை அது. இரண்டாம் தவணையில் அதே பதிவுகளிலிருந்து அவர் தமக்கென ஒரு கேள்வியை எழுப்பலாம். நேர்முகத்தில் தேர்வுக் குழு கேட்ட மூன்றாவது கேள்வி ஏறக்குறைய இதுவே.

மாதிரி விரிவுரைக்குப் பக்கத்து ரியூஷன் வகுப்பிலிருந்து உயர்தர உயிரியல் மாணவிகள் மூவரை சேர் அழைத்து வந்தார். கண்ணை மூடியதும் தலையின் பின்பகுதியில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை வரையான அலைகள் ஓங்குவதை, ஜேர்மனிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929 இல் வெளியிட்டதிலிருந்து தொடங்கி விளக்கினேன். "கண்ண மூடினாத்தானே அலை பெரிசாகுது, அப்ப மூளை கூட வேலை செய்யுதா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அலை பெரிதாவது வேலை கூடுவதால் அன்று; பெருந்தொகையான கலங்கள் ஒரே தாளத்தில் இயங்குவதால் அவற்றின் சைகைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன, கண்ணைத் திறந்ததும் அந்தத் தாளம் கலைந்துவிடுகிறது என்று விளக்கினேன். அந்தக் கேள்வியை இப்போது விரிவுரையின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இடவசதியிலும் குறையில்லை. டிசம்பரில் நியூயோர்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 8.30 ஆகிவிடும், வடகீழ்ப் பருவமழையும் மின்தடையும் சேர்ந்து வரும் காலம் அது. வழக்கமாக மாலையிலேயே மூடும் நிலையத்தை எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். நேர்முகத்தின் நடுவே மின்சாரம் போனபோதும் இன்வேர்ட்டர் இருந்ததால் ஸூம் இணைப்பு அறுபடவில்லை. கல்லூரிக்கு நேரில் வருமாறு அழைப்பு வந்திருக்கிறது.

செல்ல விரும்புவோர் விண்ணப்பத்தைத் தாமே எழுதி முடித்துவிட்டு ஒத்திகைக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். முழுச் சேவையையும் எடுக்கச் சொல்லித்தான் முதலில் கேட்பார்கள். வேண்டாமென்றால் தனியாகவும் தருவார்கள். செவ்வாயும் வியாழனும் மட்டுமே சேர் வருவதால், நேர்முகத் திகதி கிடைத்த அன்றே அழைத்து நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.