தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஆள் வேண்டும்: ஊர் ஆளா, இயந்திரமா, மூத்தவரா?

சிங்கப்பூரில் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் என் அண்ணன் சின்னதாக ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஓர் அக்காவுக்கு முட்டிவலி, இன்னொருவர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். யாராவது இளைஞர் வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2023ல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, முதன்முறையாக 1க்குக் கீழே, 0.97க்கு இறங்கியது. 2030க்குள் குடிமக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். ஆக, மிச்சமிருந்த மூன்று வழிகளையும் இரவு கடையை மூடியபின் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

ஊரிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, ஆள் எடுப்பதுதான் அண்ணனுக்கு முதலில் தோன்றியது. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் வேலை அனுமதிச் சீட்டில் இந்தியாவிலிருந்து சமையல்காரரை எடுக்கலாம். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம், அதற்கு மேல் வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை. அதைக்கூடச் சமாளிக்கலாம். எண்ணிக்கையில்தான் இடிக்கிறது. இந்த வழியில் வருபவர்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 13 பேர் இருந்தால்தான் ஒருவர். அண்ணனிடம் இப்போது இருப்பது 9 பேர். அப்படியே கிடைத்தாலும் வருபவர் அடுப்படிக்குத்தான். நின்றுபோன இருவருமோ பரிமாறியவர்கள். சரி, இது நமக்கில்லை.

அடுத்து இயந்திரம். தட்டு சுமந்து வரும் ரோபோவைக் கடைத்தொகுதி உணவகங்களில் பார்த்திருப்பீர்கள். அகலமான இடத்தில் அது நன்றாகவே ஓடுகிறது. பழைய கடைவீட்டில் வாசலில் ஒரு படி, நடுவில் ஒரு படி, மேசைகளுக்கு இடையே ஒரு ஆள் போகும் வழி. அதோடு வாழையிலைச் சாப்பாட்டில் ஒரு தடவை கொண்டுவந்து வைத்ததும் வேலை முடிந்துவிடாது. 'இன்னும் கொஞ்சம் ரசம்' என்பவரின் முகம் பார்த்து ஊற்ற ஆள் வேண்டும். கியூஆர் குறியீட்டில் ஆர்டர் எடுப்பது மதிய நேரத்து அலுவலகக் கூட்டத்துக்குத் தோதானது. ஆனால் எழுபது வயதுப் பெரியவரிடம் கைபேசியை எடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாத்திரம் கழுவும் இயந்திரம் வேறு கதை. இதுபோன்ற தேவைகளுக்கு அரசின் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் இருக்கிறது. தகுதி பெறும் சிறு நிறுவனங்களுக்கு, பட்டியலில் உள்ள கருவிகளின் செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கலாம். பின்கட்டில் நாள் முழுக்கக் குனிந்து தேய்க்கும் வேலை யாருக்குமே வேண்டாம். அதைத் தாராளமாக இயந்திரத்திடம் விடலாம்.

மூன்றாவது, மூத்தவர்கள். என் மனம் நிற்பது இங்கேதான். 2022 ஜூலையில் ஓய்வு வயது 63 ஆனது; ஓய்வுக்குப் பிறகும் தகுதியுள்ளவருக்கு முதலாளி வேலை தர முன்வர வேண்டிய மறுவேலைவாய்ப்பு வயது 68 ஆனது. 2026 ஜூலை முதல் இவை 64, 69. சட்டம் வயதை ஏற்றிவிடலாம், முட்டி அதைக் கேட்காதே. அந்த அக்கா ஏன் நின்றார் என்று அண்ணனைக் கேட்டேன். "வயசாயிடுச்சு" என்றார். அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டேன். ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே இருந்ததும், எச்சில் தட்டுக் கூடையைப் பின்கட்டுக்குத் தூக்கியதும்தான் காரணம் என்றார். பரிமாறுவது அவருக்குப் பிடித்த வேலை.

2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு (குறைந்த நேரம், மாற்று நேரம் போன்றவை) கேட்டு ஊழியர் முறைப்படி விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, ஆனால் பரிசீலிக்க வேண்டும். இதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

பகுதிநேரத்தில் ஒரு குறையும் இருக்கிறது. ஒரு கடை எத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்பது உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த ஒதுக்கீட்டுக் கணக்கில், உள்ளூர்த் தகுதிச் சம்பளம் என்று அரசு வைத்திருக்கும் மாதத் தொகைக்குக் கீழே வாங்குபவர் முழு ஆளாகச் சேரமாட்டார். வெளிநாட்டவரை நம்பி ஓடும் கடைக்கு இது பெரிய இடைஞ்சல். அண்ணன் கடைக்கு அவ்வளவாக இல்லை.

கடைசியில் அண்ணன் கழுவும் இயந்திரத்துக்கு விண்ணப்பித்தார். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். காலை 11 முதல் மதியம் 3 வரை, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி. "தட்டுக் கூடையை நான் தூக்க மாட்டேன் தம்பி" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் ஒத்துக்கொண்டார். மாலை நேரத்துக்கு இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை விளம்பரத்தில் வயது எதுவும் போடவில்லை, நேரத்தை மட்டும் போட்டிருக்கிறோம்.